சிறுவர் கதை எழுதியே பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் பெரும்பாலானோர் தொடக்கத்தில் வேறொரு வேலையையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். இந்த வேலையின் அன்றாடம் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். படப் புத்தகம் வழக்கமாக 32 பக்கம். அச்சுத்தாளை மடிக்கும் கணக்கில் வந்த அளவு அது. கதை பெரும்பாலும் 1,000 சொற்களுக்குள் முடிந்துவிடும். அதனால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள்! எழுதுவதைவிட வெட்டுவதற்குத்தான் அதிக நேரம் போகும். ஓவியம் காட்டிவிட்டதை வாக்கியம் திரும்பச் சொல்லக் கூடாது. சத்தமாகப் படித்துப் பார்த்து, நாக்கு தடுக்கும் இடங்களை மாற்ற வேண்டும். ராயல்டியை, அதாவது புத்தக விற்பனையில் கிடைக்கும் பங்குத் தொகையை, ஓவியரோடு பகிர வேண்டியிருப்பதால், பள்ளிகளில் கதை சொல்வதும் பட்டறை நடத்துவதும் பலருக்கு முக்கியமான வருமானம். அப்புறம், ஓவியரை நீங்களே தேடி அலைய வேண்டாம். பெரும்பாலும் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும்.