இங்கே கேஸ், அங்கே கடை: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போலீஸ், திருட்டு, சாராயம் என்றே இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர், காரைக்கால் எல்லை. அங்கே பாட்டில் விற்பவர் லைசென்ஸ் எடுத்த வியாபாரி. அதே பாட்டில்களைப் பையில் போட்டு இந்தப் பக்கம் கொண்டுவந்தால் கடத்தல் கேஸ். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் சரக்கு எப்படி சார் குற்றமாகிறது? (நாகூர் வாசகர்)

பதில்: பாட்டிலையாவது விடுங்கள், வரியும் விலையும் வேறு என்று சொல்லிவிடலாம். கள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை, காரைக்காலில் கள்ளுக்கடையை அரசே ஏலம் விடுகிறது. மரம் ஒன்றுதான், பாளை சீவுகிற கத்தியும் ஒன்றுதான், எல்லைக்கல் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து மரமேறி தொழிலாளியாகவோ குற்றவாளியாகவோ ஆகிறார். ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1963-இல் சொன்னது இதைத்தான். விதியைப் போடுகிறவர்கள் போட்ட பிறகுதான் மீறல் என்று ஒன்று உண்டாகிறது, அப்புறம் அந்தப் பட்டத்தை யார் தலையில் ஒட்டுகிறார்கள் என்று பார் என்றார். மனிதர் ஜாஸ் பியானோ வாசித்துப் பிழைத்தவர், கஞ்சா புகைப்பவர்களையும் டான்ஸ் பாண்டுக்காரர்களையும் பக்கத்தில் இருந்தே கவனித்து எழுதினார்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாமே வெறும் பட்டம்தான் என்று கிளம்பிவிடாதீர்கள். 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எந்த எல்லைக்கல்லை எங்கே நட்டாலும் அது விஷம்தான்.

கேள்வி: முகத்தைப் பார்த்தே திருடனைச் சொல்லிவிடலாம் என்கிறார் எங்கள் மாமா. உண்மையா? (பட்டுக்கோட்டை வாசகி)

பதில்: உங்கள் மாமாவுக்கு முன்பே இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற டாக்டர் 1876-இல் தாடை, காது, நெற்றி எல்லாம் அளந்து இப்படி ஒரு புத்தகம் போட்டார். 1913-இல் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை டாக்டர் சுமார் 3,000 ஆங்கிலேயக் கைதிகளை அளந்து மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார், அப்படித் தனியாக ஒரு திருட்டு முகம் கிடைக்கவில்லை. மாமாவைக் கண்ணாடி பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, என் தம்பி 19 வயதில் கொள்ளிடத்தில் மாட்டுவண்டியில் மணல் அள்ளி ஒரு தடவை பிடிபட்டான். அன்றிலிருந்து தேர்த் திருவிழா, தேர்தல், எங்கேயாவது பைக் காணாமல் போனது, எதுவானாலும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. வேலை கொடுத்த கடைக்காரரும் நிறுத்திவிட்டார். இப்போது நிஜமாகவே தப்பான ஆட்களோடு சுற்றுகிறான். எங்கள் வளர்ப்பு சரியில்லையா? (பெயர் வேண்டாம், திருவையாறு பக்கம்)

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய வரிசையையே திரும்ப ஒரு தடவை படியுங்கள். முதலில் மணல், அப்புறம் ஸ்டேஷன், அப்புறம் வேலை போனது, தப்பான சேர்க்கை கடைசியாகத்தான் வருகிறது. எட்வின் லெமர்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1951-இல் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். முதல் தப்பு யார் வேண்டுமானாலும் செய்வது, ஏதோ ஒரு நெருக்கடியில் செய்துவிட்டு மறந்தும் போவார்கள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டு அவனை அந்தப் பெயரிலேயே கூப்பிட ஆரம்பித்தால், ஒரு கட்டத்தில் அவனும் சரி, நான் அதுதான் என்று அந்தப் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொள்வான், அதற்குப் பிறகு செய்வது இரண்டாவது வகை. (ராத்திரி லாரியில் அள்ளுகிறவர்களுக்கு இப்படி ஒரு பெயர் வைத்து நான் கேட்டதில்லை, அது வேறு கதை.)

ஒரு அரசாங்கமே இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறந்த சாதிக்காகவே கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக சீட்டு வாங்க வேண்டும். எதிர்த்து நின்ற, உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் 1947-இல் இங்கே ஒழிந்தது, பார்க்கிற பார்வை ஒழிய இன்னும் நாளாகிறது.

இனி என்ன செய்வது? ட்ராவிஸ் ஹிர்ஷி என்ற இன்னொரு அமெரிக்க சமூகவியலாளர் 1969-இல் கேள்வியைத் தலைகீழாகப் போட்டார். ஏன் தப்பு செய்கிறான் என்று கேட்பதை விட்டுவிட்டு, பெரும்பாலானவர்கள் ஏன் செய்வதில்லை என்று கேட்டார். வீட்டு மனிதர்கள் மேல் ஒட்டுதல், கெட்டுப்போனால் இழக்க ஏதாவது கையில் இருப்பது, பொழுது முழுக்க வேலை, சட்டத்தின் மேல் கொஞ்சம் நம்பிக்கை, இவைதான் கட்டிப் போடும் கயிறுகள் என்றார். உங்கள் தம்பிக்கு இரண்டு கயிறு ஏற்கெனவே அறுந்துவிட்டது, வீட்டுக் கயிறு உங்கள் கையில் இருக்கிறது. திட்டி அனுப்பிவிடாதீர்கள். பழைய கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள். வேலை இந்த ஊரில்தான் என்றில்லை, அந்தப் பெயர் தெரியாத ஊரில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வரட்டும்.

கேள்வி: சட்டம் என்பதே பணக்காரன் சொத்தைக் காக்கத்தானே? (திருத்துறைப்பூண்டி, கல்லூரி மாணவர்)

பதில்: முழுக்க அப்படி என்று எழுதினால் பரீட்சையில் மார்க் குறையும். ஆனால் உங்கள் ஊர் மண்ணில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. 1940-கள் வரை தஞ்சைப் பண்ணைகளில் வேலைக்குத் தாமதமாக வந்த ஆளுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் கொடுத்தார்கள், அது குற்றமில்லை, பண்ணை வழக்கம். அதை எதிர்த்துச் சங்கம் வைத்தவர்கள்தான் கலகக்காரர்கள். பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஊர் ஊராக நடந்த பிறகுதான் வழக்கத்துக்குக் கொடுமை என்று பெயர் மாறியது.

அப்புறம் வெண்மணி, கூலி கேட்டுப் போராடிய தலித் விவசாயக் கூலிகளின் ஊர். 1968 டிசம்பர் 25, ஒரே குடிசையில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்து போனார்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நில உரிமையாளர்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நிலம் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் இருந்த நினைப்பு. நிலம் இருந்தால் கை கறைபடாது என்பது எவ்வளவு சவுகரியமான நம்பிக்கை!

இதே நம்பிக்கையைத்தான் அமெரிக்காவில் எட்வின் சதர்லாண்ட் 1939-இல் உடைக்கப் பார்த்தார், கோட்டு போட்டவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து செய்வதும் குற்றம்தான் என்று. பெரிய கம்பெனிகளின் வழக்குகளைத் திரட்டி 1949-இல் புத்தகமாகவும் போட்டார். கம்பெனிகள் வழக்குப் போடும் என்று பதிப்பாளர் பயந்ததால் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். பெயர்களோடு அது வெளிவர 1983 ஆனது, அப்போது அவர் செத்து 30 வருஷத்துக்கு மேல்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் திருடியதுண்டா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: உண்டு, தண்ணீர். கடைமடையில் எங்கள் நிலம். ஒரு குறுவைக்கு முறைத் தண்ணீர் எங்கள் முறை வருவதற்குள் பயிர் காய்ந்துவிடும் போல இருந்தது, ராத்திரி போய் மேல்மடைக்காரரின் அடைப்பை வெட்டிவிட்டேன். மனசுக்குள் சமாதானங்கள் வரிசையாக வந்தன. யாருக்கு என்ன நஷ்டம், அவர் மட்டும் யோக்கியமா, வீட்டுக்காகத்தானே செய்கிறேன். சைக்ஸ், மாட்சா என்ற இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் 1957-இல் சிறுவர் குற்றவாளிகள் சொல்கிற சமாதானங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், பின்னால் படித்தபோது என் டைரியை யாரோ திருடிய மாதிரி இருந்தது. காலையில் அப்பா அடித்தார். தண்ணீர் திருடியதற்கு இல்லை, மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்ததற்கு.