தந்தையைக் கொன்றவனிடமே வித்தை கற்கும் இளைஞன்: இந்த உறவை நாவலில் நம்பும்படி எழுதுவது எப்படி?

ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் முதல் அத்தியாயத்தைத் தொடங்காதீர்கள். அவன் ஏன் குருவை இன்றிரவே கொல்லவில்லை?

‘இன்னும் திறமை போதவில்லை’ என்பது விடை ஆகாது. தூங்குகிறவன் கழுத்தை அறுக்கத் திறமை எதற்கு? கொலைக்கு உத்தரவிட்டது யார் என்பது குருவுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அல்லது, செய்ததை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகுதான் கொல்வேன் என்று இவன் சபதம் செய்திருக்கலாம். தடை எதுவானாலும் தொடக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும்.

குருவுக்கும் ஒரு கணக்கு வேண்டும். மகாபாரதத்தில் துருபதன் துரோணரைக் கொல்வதற்காகவே வேள்வி செய்து திருஷ்டத்யும்னனைப் பெறுகிறான். அது தெரிந்தும் துரோணர் அவனுக்கு அஸ்திர வித்தை கற்பிக்கிறார். விதியைத் தடுக்க முடியாது என்ற எண்ணம் ஒன்று, தன் புகழுக்குக் குறை வரக்கூடாது என்ற அக்கறை இன்னொன்று. இதில் பாசம் எங்குமே இல்லை, ஆனாலும் நம்புகிறோம். ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டதும் கோபத்தில் அல்ல, அர்ஜுனனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான். இரக்கமற்ற குரு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருப்பவர் வெறும் வில்லன். அவரிடம் எவனும் எதையும் கற்கமாட்டான்.

குரு காட்டும் கருணையை முழு நாவலுக்கும் இரண்டு இடங்களோடு நிறுத்துங்கள். அந்த இரண்டையும் சுயநலம் என்றும் வாசிக்க முடிய வேண்டும். காய்ச்சலில் கிடப்பவனுக்கு மருந்து தருகிறார். மறுநாள் காலை அவனையே ஆபத்தான வேலைக்கு அனுப்புகிறார். மருந்து எதற்காக என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். அவர் மனத்துக்குள் ஒருபோதும் நுழையாதீர்கள். பார்வை இளைஞனுடையதாகவே இருக்கட்டும்.

பலர் சறுக்குவது நடுப்பகுதியில். எல்லாக் காட்சியிலும் கோபம் ஒரே சூட்டில் கொதித்தால் நாற்பது பக்கத்தில் அலுத்துவிடும். பாதி நாவலில் அவன் பகையை மறக்கும் ஒரு பொழுதை வையுங்கள். கடினமான வேலை ஒன்றை இருவரும் சேர்ந்து முடிக்கிறார்கள், குரு ‘சரி’ என்று ஒரு சொல் சொல்கிறார், இவனுக்கு மனம் நிறைகிறது. அன்றிரவுதான் தன்னை அறிந்து கூசிப்போகிறான். அதற்குப் பின் வரும் கோபத்தில் பாதி அவன்மீதே இருக்கும். உறவு சிக்கலாவது அங்கேதான். அவன் நடையிலும் பேச்சிலும் குருவின் சாயல் ஏறியிருப்பதை மூன்றாம் ஆள் யாராவது கவனித்துச் சொல்லட்டும். அவனாக உணர்ந்தால் செயற்கை.

குருவின் துயரமான இளமைக்காலம் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதத் தோன்றும். வேண்டாம். சாகும் தறுவாயில் ‘நீ என் மகன் மாதிரி’ என்பதும் வேண்டாம், அதுவரை சேர்த்ததெல்லாம் ஒரே வரியில் கரைந்துவிடும்.

முடிவில் பழி தீரலாம், ஆனால் அவன் கற்பனை செய்திருந்த விதத்தில் தீரக்கூடாது. போரின் பதினைந்தாம் நாள், மகன் இறந்தான் என்று நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்து யோகத்தில் அமர்ந்துவிட்ட துரோணரின் தலையைத்தான் திருஷ்டத்யும்னன் வெட்டுகிறான். கொல்லாதே, உயிரோடு கொண்டுவா என்று அர்ஜுனன் கத்துகிறான். பிறகு சொந்தப் படைக்குள்ளேயே சாத்யகி அவனோடு சண்டைக்கு வருகிறான். கடைசியில் துரோணரின் மகன் அஸ்வத்தாமன், ஆயுதத்தால் சாகும் பெருமையைக்கூடத் தராமல், அவனை மிதித்தே கொல்கிறான்.

ஆகவே கொலையோடு நாவலை மூடிவிடாமல், அதற்குப் பின் இரண்டு அத்தியாயமாவது ஒதுக்குங்கள். மறுநாள் காலை எழுந்ததும் அவன் என்ன செய்வான், யார் சொல்லிச் செய்வான் என்பதை அங்கே எழுத வேண்டும்.