டிட்கோவுக்கு வரையத் தெரியாதா?

கேள்வி: பழைய ஸ்பைடர்மேன் காமிக்ஸைப் பற்றி நீங்கள் அவ்வளவு உயர்வாக எழுதியதால் போனில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளித் தள்ளிப் படித்தேன். ஏமாற்றம்தான். ஸ்டீவ் டிட்கோவின் பீட்டர் பார்க்கர் ஒல்லிக்குச்சியாக இருக்கிறான். பெண்கள் யாரும் அழகாயில்லை. பின்னால் வந்த ஜான் ரொமிட்டா, டாட் மெக்ஃபார்லேன் ஆகியோரோடு ஒப்பிட்டால் டிட்கோவுக்கு வரையவே தெரியவில்லை என்பேன். எப்படியும் கதை ஸ்டான் லீயுடையது. சொன்னதை வரைந்து கொடுப்பவர்தானே ஓவியர்? ஹோம்கமிங் படத்தில் இடிபாட்டைத் தூக்கிக்கொண்டு எழுகிறானே, அந்த ஒரு காட்சிக்கு இந்தப் பழைய புத்தகங்கள் ஈடாகுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 2017-இல் வந்த அந்தப் படத்தில் உங்களை உலுக்கிய காட்சி டிட்கோ வரைந்ததிலிருந்து வந்தது. அமேசிங் ஸ்பைடர்மேன் 33-ஆம் இதழ், 1966 பிப்ரவரி. படத்தில் அந்தப் பையன் தேங்கிய தண்ணீரைப் பார்க்கும்போது பாதி அவன் முகமும் பாதி முகமூடியுமாகத் தெரியும், இல்லையா? அந்தப் பாதி முகமும் டிட்கோவின் கைவேலைதான். இதழ் இதழாக அதை வரைந்து வாசகர்களுக்குப் பழக்கியவர் அவர். வரையத் தெரியாதவர் என்று நீங்கள் சொல்லும் மனிதரின் பக்கங்களுக்கு அரை நூற்றாண்டு கழித்தும் சினிமாக்காரர்கள் திரும்பி வருகிறார்கள் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோமே.

நிலைமை இது. பீட்டரை வளர்த்த பெரியம்மா மே சாகக் கிடக்கிறார். முன்பு ஒரு தடவை அவருக்கு ரத்தம் கொடுத்தவன் பீட்டர். அவன் ரத்தத்தில் இருந்த கதிரியக்கம்தான் இப்போது அவர் உயிரைக் குடிக்கிறது. காப்பாற்றக்கூடிய மருந்து ஒன்றே ஒன்று. அதைத் தேடி வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் நீருக்கடியிலுள்ள இடத்துக்குப் போகிறான். அங்கே ஒரு ராட்சத இயந்திரம் அவன் மேல் சரிந்துவிடுகிறது. மருந்துக் குப்பி கண்ணெதிரே தரையில் கிடக்கிறது, கைக்கு எட்டவில்லை. மேலேயிருந்து தண்ணீர் ஒழுகுகிறது.

எதிரியோடு சண்டை கிடையாது, வசனம் பேச ஆள் கிடையாது. ஒருவன் ஒரு பாரத்தைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு 20 பக்க இதழில் முதல் 5 பக்கங்களைக் கொடுக்கிறார் டிட்கோ. முயல்கிறான், முடியவில்லை. பெரியம்மாவின் முகமும், இறந்துபோன பெரியப்பா பென்னின் முகமும் நினைவில் வருகின்றன. மறுபடி முயல்கிறான். கட்டங்கள் நெருக்கமாக, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். குனிந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர நிமிர அவனுக்குக் கிடைக்கும் இடமும் பெரிதாகும். ஐந்தாம் பக்கத்துக்கு வரும்போது பக்கம் முழுவதையும் ஒரே படம் அடைத்துக்கொள்ளும். இயந்திரம் மேலே, அவன் கீழே, நின்றுகொண்டு. இத்தனை நேரம் நெருக்கிப் பிடித்த கட்டத்தின் கோடுகளையும் அவனே தள்ளித் திறந்த மாதிரி இருக்கும்.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டம் கட்டமாகத் தள்ளிப் படித்தேன் என்கிறீர்கள். அப்படிப் படித்தால் சின்னக் கட்டமும் திரைக்குத் தக்கபடி வரும், முழுப் பக்கப் படமும் திரைக்குத் தக்கபடி வரும். கட்டை விரல் அளவுக் கட்டமும் முழுத் தாளும் உங்கள் கையில் ஒரே அளவு! டிட்கோ ஐந்து பக்கம் சேர்த்துவைத்ததைப் போன் ஒரே தள்ளலில் அழித்துவிட்டது. காமிக்ஸ் ஓவியருக்குப் பக்கம்தான் மேடை. எது பெரிது, எது சிறிது, எதற்குப் பக்கத்தில் எது, எங்கே கண் நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அவர் தொழில். முகத்தை அழகாகப் போடுவது அதில் ஒரு பகுதி.

அடுத்தது, கதை ஸ்டான் லீயுடையது என்று சொன்னது. இதை இத்தனை காலம் கழித்தும் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்பைடர்மேனை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தில் அந்தக் காலத்தில் முழுத் திரைக்கதை எழுதி ஓவியரிடம் கொடுக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கதையைச் சுருக்கமாகப் பேசிக்கொள்வார்கள், சில சமயம் வாயாலேயே. ஓவியர் போய் முழு இதழையும் பக்கம் பக்கமாக, கட்டம் கட்டமாக வரைந்து கொண்டுவருவார். அதற்குப் பிறகுதான் லீ வசனம் எழுதுவார். ஸ்பைடர்மேனில் அந்தச் சின்னப் பேச்சும் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. 25-ஆம் இதழிலிருந்து, அதாவது 1965 நடுவிலிருந்து, கதையமைப்பு டிட்கோ என்றே அச்சாகியிருக்கிறது. 1966 ஜனவரியில் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிபியூன் நிருபரிடம் லீயே, ஸ்பைடர்மேன் கதைகளை நான் இப்போது அமைப்பதில்லை, டிட்கோதான் செய்கிறார் என்று சொல்லியிருக்கிறார். நாம் பேசிக்கொண்டிருக்கும் 33-ஆம் இதழ் இந்தக் காலத்தில் வந்ததுதான்.

லீயின் வசனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பீட்டரின் நக்கலும் புலம்பலும் அவர் கொடுத்த குரல். ஆனால் அந்த ஐந்து பக்கங்களை வசனமில்லாமல் பாருங்கள் என்பேன். போன கோடை விடுமுறையில் என் அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு வயது, ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். என்னிடமிருந்த தொகுப்பில் வசன பலூன்கள் மேலெல்லாம் வெள்ளைத் தாளை வெட்டி வைத்து அவளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்தக் குப்பியில என்ன மாமா இருக்கு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். மேயின் முகம் வந்த இடத்தில் விரலை வைத்து, "இந்தப் பாட்டிக்கா அது?" என்றாள். ஒரு வார்த்தை படிக்காமல் அவளுக்குக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. இதைச் செய்தவரை ‘சொன்னதை வரைந்து கொடுப்பவர்’ என்று எப்படி ஐயா சொல்வது?

சரி, அழகு. டிட்கோவின் பெண்கள் விறைப்பாக இருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒல்லிக்குச்சி என்று நீங்கள் குறைசொல்கிற அந்த உடம்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்பைடர்மேனை முதலில் வரைந்து பார்த்தவர் மார்வெலின் இன்னொரு ஓவியர் ஜாக் கர்பி. பையன் ரொம்ப வீரனாகத் தெரிகிறான் என்று அந்தப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு டிட்கோவிடம் கொடுத்தார் லீ. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒதுக்கிவைக்கும் கண்ணாடிப் பையன் அப்படித்தான் பிறந்தான். முகம் முழுவதையும் முகமூடியால் மூடியதும் டிட்கோதான், சிறுவன் முகம் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. மலை மாதிரித் தோள் உள்ளவன் இயந்திரத்தைத் தூக்கினால் யாருக்கு நெஞ்சு பதறும்? அந்த மெலிந்த முதுகு நிமிர்வதில்தான் எல்லாமே இருக்கிறது.

ரொமிட்டாவை எனக்கும் பிடிக்கும். காதல் காமிக்ஸ் வரைந்து பழகிய கை, அதனால் முகங்களில் அப்படியொரு வசீகரம். ஆனால் அவரையும் நீங்கள் அழகுக்காக மட்டும் பாராட்டுவது அவருக்குக் குறைவு. பின்னால் பீட்டரின் காதலியாகும் மேரி ஜேனை 25-ஆம் இதழில் டிட்கோ காட்டியபோது முகத்தைப் பூவால் மறைத்துவிட்டார். 42-ஆம் இதழின் கடைசியில்தான் கதவு திறக்கிறது, ரொமிட்டா அந்த முகத்தைக் காட்டுகிறார். பதினேழு இதழ்கள் காத்திருப்பு. அந்த முகம் இன்றும் பேசப்படுவதற்கு அழகு பாதிக் காரணம் என்றால் டிட்கோ வைத்த அந்தப் பூ மீதிப் பாதி. மெக்ஃபார்லேனின் முறுக்கிக்கொண்டு குந்தும் ஸ்பைடர்மேனும் எனக்கு டிட்கோவின் பேரப்பிள்ளையாகத்தான் தெரிகிறான்.

டிட்கோ 38-ஆம் இதழோடு விலகினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பேட்டி கொடுக்க மறுத்து, 2018-இல் நியூயார்க்கில் தனியாக இறந்துபோனார். 1999-இல் லீ ஒரு திறந்த கடிதத்தில், ஸ்பைடர்மேனின் இணைப் படைப்பாளியாக டிட்கோவைத் தாம் எப்போதுமே கருதி வந்ததாக எழுதினார். ‘கருதி வந்தேன்’ என்ற அந்த வார்த்தையை டிட்கோ ஏற்கவில்லை. இருப்பதை இருக்கிறது என்று சொல்லாமல் கருதுகிறேன் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றிய அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அச்சுப் புத்தகம் யாரிடமாவது கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் போனில் அந்தக் கட்டம் கட்டமாகக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு முழுப் பக்கமாக வையுங்கள். வசனம் வேண்டாம். அந்த மருந்துக் குப்பி எந்தெந்தக் கட்டத்தில் தெரிகிறது, எங்கே காணாமல் போகிறது என்பதை மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தைக் கட்டாயம் பிரசுரிக்கிறேன்.