கடல் மாறும்போது ஊர் யார் சொல்லைக் கேட்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கடலோர ஊர்களும் சுற்றுச்சூழல் மாற்றங்களும் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குப்பங்களை ஒரே புயல் தாக்குகிறது, ஒரே கடல் அரிக்கிறது. ஆனாலும் ஒன்று விரைவில் வழி கண்டுகொள்கிறது, மற்றது ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறது. பணவசதிதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமா?
– ஒரு வாசகர், சீர்காழி

பதில்: பணம் ஒரு காரணம்தான். ஆனால் பணவசதியில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குள்ளும் இந்த வேறுபாடு தெரிகிறது என்பதால், அதை மட்டும் வைத்து உங்கள் கேள்வியை முடித்துவிட முடியாது. பப்புவா நியூ கினியாவின் ஒரு தீவுச் சமூகத்தில் 138 வீடுகளை ஆராய்ந்து, யார் யாருடன் பேசுகிறார்கள், யாரிடம் ஆலோசனை கேட்கிறார்கள், யாரோடு சேர்ந்து மீன் பிடிக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள ஏதேனும் நடவடிக்கை எடுத்த குடும்பங்களோடு நேரடித் தொடர்பு கொண்டிருந்த வீடுகளும், ஊரில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களோடு பழக்கம் கொண்டிருந்த வீடுகளும்தாம், தாங்களும் நடவடிக்கையில் இறங்கும் வாய்ப்பு அதிகமுள்ளவையாக இருந்தன. பிழைப்பு முறையையே மாற்றிக்கொள்வது போன்ற பெரிய மாற்றங்களில், கடலோடு அந்த வீட்டுக்கு இருந்த நெருக்கமும் பங்கு வகித்தது. பக்கத்து வீட்டுக்காரர் செய்து பார்த்ததைக் கண்ணால் கண்டவரே அடுத்து அதைச் செய்யத் துணிகிறார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

நம் கரையில் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்து வந்தது. வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் அலையின் உயரம் பற்றிய கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் அன்றாடம் ஊருக்குச் சொல்லும் வழக்கம் உருவாகியிருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர், சுமத்ராவில் நிலநடுக்கம் என்ற செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வருகிறது என்பதை அறிந்ததும் உடனே வெளியேறச் சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஆனால் 3,000-க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் உயிர் தப்பினர். இந்த நிகழ்வைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்வோர் உண்டு. நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. தொலைபேசி பல ஊர்களிலும் இருந்தது. வெளிநாட்டில் இருந்தபோதும் ஊரோடு தொடர்பு அறுபடாத ஒருவரும், அவர் சொன்னதை ஒரு வீட்டோடு நிறுத்தாமல் ஊர் முழுவதற்கும் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும், அந்தக் குரலை நம்பிப் பழகிய செவிகளும் ஒரே இடத்தில் அமைந்தது நல்லவாட்டில்தான்.

கேள்வி: மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் பிடி வலுவாக இருக்கிறது. அது மக்களுக்கு நன்மையா, இடையூறா? படித்த இளைஞர்கள் பலர் இதைப் பழமைவாதம் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இரண்டும்தான், ஆனால் இந்த இரண்டும் ஒரே ஆட்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தார் ஊர்களின் பஞ்சாயத்து (தேர்தலில் வரும் ஊராட்சி மன்றம் அன்று), எந்த வலையை இறக்கலாம், எப்போது கடலுக்குப் போகக் கூடாது, தகராறை எப்படித் தீர்ப்பது என்பதையெல்லாம் நெடுங்காலமாக முடிவு செய்துவருகிறது. மீன்குஞ்சுகளை அழிக்கும் வலை என்றோ, மற்றவர் பிழைப்பைக் கெடுக்கும் வலை என்றோ கருதினால், அரசாணைக்குக் காத்திராமல் தடைவிதித்த ஊர்கள் உண்டு. சுனாமிக்குப் பின் நிவாரணம் வந்தபோதும் இந்த அமைப்பே முன்னின்றது. வந்த பொருளைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டது, ஆட்சியரிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் ஊர் சார்பாகப் பேசியது, படகு யாருக்கு முதலில் என்ற சண்டையைக் கட்டுக்குள் வைத்தது. அமெரிக்க அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச் தமிழகக் கரையின் ஊர்களை ஆராய்ந்து 2011-இல் எழுதிய கட்டுரையில், உள்கட்டுப்பாடும் வெளியுலகத் தொடர்பும் ஒருசேர வாய்த்த ஊர்கள் விரைவாக மீண்டன என்று காட்டினார்.

அதே கட்டுரை மற்றொன்றையும் காட்டியது. பஞ்சாயத்து தயாரித்த பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு உதவி போய்ச் சேரவில்லை. தலைக்கட்டு வரி கட்டும் குடும்பம்தான் ஊரின் கணக்கில் வரும்; தலைக்கட்டு என்பது பெரும்பாலும் மணமான ஆண். ஆகவே கணவனை இழந்த பெண்களும், ஊருக்குப் புறத்தே வாழ்ந்த தலித் மக்களும், வேறு சமயத்தவரும் விடுபட்டனர். உள்கட்டுப்பாடு எவ்வளவு இறுகியிருந்ததோ அவ்வளவு தெளிவாக யார் வெளியே என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது. உப்பங்கழியில் கையாலேயே இறால் தடவிப் பிடித்த இருளர் பழங்குடியினர் படகோ வலையோ இழக்கவில்லை என்பதால் இழப்புக் கணக்கிலேயே வராமல் போனார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் வழங்கும் ‘பாடு’ என்ற முறை இதைத் துலக்கமாகக் காட்டும். ஏரியின் நல்ல மீன்பிடிப் பகுதிகளைக் குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வளம் குறையும் காலத்தில் சண்டையில்லாமல் பகிர்வதற்கு இதைவிடச் செம்மையான வழி கிடைப்பது அரிது. ஆனால் முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரியின் வளம் சுருங்கும்போது, பாடு உரிமை பெற்றவர்கள் தமக்குள் முறையைத் திருத்திக்கொள்ள முடிகிறது. உரிமையே இல்லாதவர்களோ எஞ்சிய ஓரங்களில் இன்னும் நெருக்கியடித்து இறங்க வேண்டியிருக்கிறது. ஏரி மாறுவதன் பாரம் அவர்கள் தலையில்தான் முதலில் விழுகிறது.

எனவே அந்த இளைஞர்களிடம் பஞ்சாயத்தை ஒழிப்பதா காப்பதா என்று விவாதிப்பதைவிட, வரிக்கணக்கில் பெண்களையும் விடுபட்ட குடும்பங்களையும் சேர்க்கச் சொல்லிக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் தூண்டில் வளைவு கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறோம். பக்கத்து ஊருக்குக் கிடைத்துவிட்டது, எங்களுக்கு இல்லை. இது அரசியல் பாகுபாடு அல்லவா?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டக் கடற்கரை

பதில்: பாகுபாடு இருக்கலாம். ஆனால் உங்கள் கரை அரிக்கப்படுவதற்குப் பக்கத்து ஊருக்குக் கிடைத்த, கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் அந்த வளைவே ஒரு காரணமாக இருக்கக்கூடும். சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே கல்லைக் கொட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை தேயும். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் அலைதடுப்புகள் கட்டப்பட்ட பின், நகரத்தின் மணற்கரை மறைந்து கற்கரையானதை அனைவரும் அறிவோம். அரிப்பு பின்னர் வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை எட்டியது.

இந்த வரிசையில் ஒவ்வோர் ஊரும் தன் எம்.எல்.ஏ.வையும் தன் அதிகாரியையும் தேடிப் போகிறது. அந்தத் தொடர்பு பலமாக இருந்தால் கல் வருகிறது. அரிப்பு அடுத்த ஊருக்குப் போகிறது. அங்கேயும் மக்கள் திரண்டு மறியல் செய்கிறார்கள், மறுபடியும் கல். தன் ஊருக்குள் ஒற்றுமையும் மேலிடத்தில் செல்வாக்கும் இருந்தும், பக்கத்து ஊரோடு பேச ஓர் இடமில்லாமல் போனதன் விளைவு இது. இத்தனைக்கும் இந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. சாவுக்கும் வாழ்வுக்கும் போய்வருபவை. வலைத் தகராறு என்றால் பல ஊர்ப் பஞ்சாயத்தார் ஒன்றுகூடிப் பேசும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதே கூட்டத்தில் மணலையும் பேசலாம். தனித்தனி வளைவுகளுக்குப் பதிலாகத் துறைமுகத்தில் சேரும் மணலை வடக்கே கடத்திவிடச் சொல்லி அத்தனை ஊர்களும் ஒரே மனுவாகக் கேட்டால், அதைத் தட்டிக்கழிப்பது எந்த அரசுக்கும் கடினம். இரண்டு அரசுகளின் எல்லை குறுக்கே கிடப்பதால் இது எளிதாக நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இப்போது வானிலை எச்சரிக்கை வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. இனியும் மீனவர்கள் புயலில் சிக்குவது கவனக்குறைவுதானே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்குத் தெற்கே உருவானபோது, தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தன. கைப்பேசி எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எந்தக் குறுஞ்செய்தியும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. காணாமற்போனவர்களின் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டியவை பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குக் கோவில்கள். எந்தப் படகில் யார் போனார்கள் என்பது அங்கேதான் தெரிந்திருந்தது.

எச்சரிக்கை கையில் கிடைத்த பின்னும் ஒருவர் கடலுக்குப் போவதற்கு வேறொரு தொடர்பு காரணமாக இருக்கலாம். ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்கிய படகுக்காரர், பிடித்த மீனை அவரிடமே தர வேண்டும், தவணையும் தவறக் கூடாது. நெருக்கடியில் முதலில் கைகொடுப்பவரும் அதே வியாபாரிதான் என்பதால் அந்த உறவை முறித்துக்கொள்ளவும் முடியாது. புயல் எச்சரிக்கை நாட்களில் கடன் தவணைக்கு விலக்கு கிடைத்தால், எத்தனையோ குறுஞ்செய்திகள் செய்யாததை அது செய்துவிடும் என்று நம்புகிறேன். ஊரார் நம்பும் குரலில், ஊரார் மொழியில் செய்தி வருவதும் பலன் தரும். பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016 முதல் ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி அந்த வகையில் கவனிக்கத்தக்கது.

கேள்வி: மீனவர்கள் மீன் கிடைக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் மறைப்பவர்கள். அப்படிப்பட்டவர்களிடையே நல்ல வழக்கங்கள் எப்படிப் பரவும்?
– ஒரு கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: எல்லோரிடமும் மறைப்பதில்லை, சிலரிடம் சொல்கிறார்கள், அந்தச் சிலர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹவாயில் சூரை பிடிக்கும் நீள்தூண்டில் படகுகளில் வியட்நாமிய, கொரிய, ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர்கள் தொழில் செய்கிறார்கள். அவர்கள் தகவலைப் பெரும்பாலும் தத்தம் இனத்தாருக்குள்ளேயே பகிர்ந்துகொண்டார்கள். வேண்டாத சுறாக்கள் தூண்டிலில் மாட்டுவதைத் தவிர்க்கும் உத்தி ஒரு குழுவில் தேறியிருந்தும் மற்றவற்றுக்குப் போகவில்லை. அது போயிருந்தால் 2008 முதல் 2012 வரை 46,000-க்கும் மேற்பட்ட சுறாக்கள் தப்பியிருக்கும் என்று 2016-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கென்யாவின் ஐந்து ஊர்களில் நடந்த ஆய்வோ, ஒரே வகைக் கருவியால் ஒரே மீனுக்குப் போட்டியிடுபவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட இடங்களில் பவளப்பாறை மீன்வளம் செழிப்பாக இருந்ததைக் கண்டது. போட்டியாளரோடு பேசுவதால் நட்டம் என்ற எண்ணத்துக்கு இது நல்ல மறுப்பு.

ஆனால் தொடர்பு வழியே நல்ல வழக்கம் மட்டும்தான் பரவும் என்று எண்ண வேண்டாம். மேற்குக் கடலின் மீனாக இருந்த மத்தி, 1990-களுக்குப் பின் கிழக்குக் கரையிலும் பெருகியது. கடல்நீர் வெப்பம் உயர்ந்தது இதற்கு ஒரு காரணம் என்று மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கருதுகிறார்கள். கூட்டமாகத் திரியும் அந்த மீனை வாரியெடுக்கச் சுருக்குமடி வலை பொருத்தமாக இருந்தது. தனியொருவரால் வாங்க முடியாத விலை என்பதால் உறவினரும் ஊராரும் பங்கு போட்டு வாங்கினார்கள். சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் அது வேகமாகப் பரவியது. 2000-ஆம் ஆண்டிலேயே மாநில அரசு தடைசெய்த வலை அது. பங்குதாரர் நிறைந்த ஊரில் தடையை நடைமுறைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அதன்பின் நடந்த மோதல்கள் காட்டின. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு இடைக்கால அனுமதி தந்தது. மாறிய கடலுக்கு மக்கள் கண்ட விடைதான் இதுவும்; சிறு வலைக்காரருக்கு அது பாதகமாக முடிந்தது.

உங்கள் மாவட்டத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்க்கலாம். இராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், பாசி குறைவதைக் கண்டு, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது, இரும்புச் சுரண்டியைப் பயன்படுத்தாமல் கையால் பறிப்பது என்று தமக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். தேசியப் பூங்கா எல்லைக்குள் போகக் கூடாது என்ற வனத்துறையின் விரட்டலுக்கு நடுவில்தான் இதைச் செய்தார்கள். ஒரே நீரில் சேர்ந்து மூழ்குகிறவர்கள் என்பதால் மீறுபவர் யார் என்பது மறுநாளே தெரிந்துவிடும். கல்லூரிக்கு ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், அந்த ஊர்களுக்குப் போய், ஓர் ஊரின் பெண்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு எந்தெந்த உறவுகளின் வழியாக அடுத்த ஊருக்குப் போனது என்பதைக் கேட்டு எழுதுங்கள். மணவுறவா, பாசி வாங்கும் வியாபாரியா, சுயஉதவிக் குழுவா என்பது தெரிந்தால், மற்றக் கரைகளில் எங்கே தொடங்குவது என்பதும் ஓரளவு தெரியும்.