நெடுந்தீவும் நயினாதீவும் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறோம். எழுபது வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருவார்கள். நெடுந்தீவையும் நயினாதீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? நெடுந்தீவில் நல்ல கடலுணவு கிடைக்குமா?

பதில்: வேண்டாம். இரண்டுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்துதான் படகு என்பதால் பலரும் இப்படித் திட்டம் போடுகிறார்கள். நயினாதீவு கால்மணி நேரப் பயணம். நெடுந்தீவோ ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கே உங்கள் நாளைத் தீர்மானிப்பது திரும்பும் படகுதான். அதைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். படகு நேரங்கள் மாறுவதுண்டு. முதல் நாளே விசாரித்து, காலையின் முதற் படகைப் பிடியுங்கள்.

ஆகஸ்டில் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, ஓய்ந்திருக்காது. நயினாதீவு வரை பெரிதாகத் தெரியாது. அதைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் படகு ஆடும். கடல் மோசமானால் சேவையையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே நெடுந்தீவைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

அம்மாவுக்குக் கடினமானது கடலைவிட, துறையிலிருந்து படகில் கால் வைக்கும் அந்த ஒரு கணம். அலையோடு படகு ஏறி இறங்கும். ஒருவர் படகிலும் ஒருவர் துறையிலும் நின்று கைகொடுத்து, படகு மேலெழும்போது அவரை ஏற்றுங்கள். உட்காரப் பின்பக்கம் நல்லது, ஆட்டம் குறைவு. முழங்கால் வலி இருந்தால் அவரை நயினாதீவுக்கு மட்டும் அழைத்துச் செல்லுங்கள். நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டு, மதிய அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். உண்மையில் அதுவே அவருக்கு நிறைவான நாளாக இருக்கும்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் முச்சக்கரவண்டிகள் காத்திருக்கும். பார்க்கவேண்டிய இடங்களையும் கூலியையும் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோட்டையும் புறாக்கூடும் துறைக்குக் கிட்ட இருப்பதால் அங்கேதான் முதலில் கொண்டுபோவார்கள். நீங்கள் தீவின் காட்டுக்குதிரைகள் மேயும் வெளிக்கு முதலில் போகச் சொல்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெளியில் நிழலுக்கு ஒரு மரம் தேட வேண்டியிருக்கும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை இவை. உயரம் குறைந்தவை, யாருக்கும் கட்டுப்படாதவை. கோடையில் புல் கருகித் தண்ணீரும் வற்றுவதால், எஞ்சிய நீர்நிலைகளை அண்டி நிற்கும். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டிக்கொண்டு கிட்டப் போக வேண்டாம், உதைத்துவிடும்.

வழியெல்லாம் இருபுறமும் முருகைக்கல் மதில்கள். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை. வண்டியை ஒருமுறை நிறுத்திக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கல் முழுக்க நுண்ணிய நட்சத்திரத் துளைகள், ஒரு காலத்தில் பவளப் பூச்சிகள் குடியிருந்த அறைகள். சாய்ந்து படம் எடுக்க வேண்டாம். ஒரு கல் நழுவினால் வரிசையே சரியும். சிதைந்த கோட்டைச் சுவர்களிலும் இதே கல்தான். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரை வைத்து இத்தீவை டெல்ஃப்ட் என்று அழைத்தார்கள். பெருக்கு (பாவோபாப்) மரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து பார்க்கலாம். பாறையில் பதிந்த பெரிய கால்தடம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம்.

சாப்பாட்டு விஷயத்தில், பசித்த பிறகு கடை தேடினால் எஞ்சியதுதான் கிடைக்கும். காலையில் இறங்கியவுடனேயே வண்டிக்காரரிடம் கேட்டு, சமைத்துத் தருபவர்களிடம் எத்தனை பேர், நண்டா, கணவாயா, மீனா என்று சொல்லி வையுங்கள். அன்றைக்குக் கரைக்கு வந்ததை வாங்கி உங்களுக்கென்றே சமைப்பார்கள். விலையையும் அப்போதே கேளுங்கள். ஒடியற்கூழ் வேண்டுமென்றால் ஓரிரவு தங்க வேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மா கரைத்துக் காய்ச்சும் அது பொழுது சாய்ந்தபின் கூடியிருந்து குடிப்பதற்கானது, அவசரத்துக்கு ஆகாது. நீங்கள் வருவது பனம்பழக் காலம். பனங்காய்ப் பணியாரம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். குடிதண்ணீரை மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்தே தாராளமாகக் கொண்டுபோங்கள், வெற்றுப் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.