அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் முன்னணி மாணவிகள் எந்தக் கல்லூரிக்குப் போவது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்? எல்லாம் பணம்தானா?

கேள்வியில் அந்தக் கடைசி இரண்டு சொல் இல்லாமல் இருந்திருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். அயோவா கல்லூரியில் ஆடிப் புகழ்பெற்ற கெய்ட்லின் கிளார்க்கின் ரீல்ஸ் நாலைந்து பார்த்துவிட்டு, "கொட்டிக் கொடுக்கிறார்கள், அதான் போகிறார்கள்" என்கிற வகைக் கமெண்டுகளையும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பணம் உண்டு, அதைக் கீழே கணக்கோடு சொல்கிறேன். ஆனால் தேசியத் தரவரிசையில் முதல் 10 பேருக்குள் வரும் பெண்ணுக்குப் பணம் தர ஏழெட்டுக் கல்லூரிகள் வரிசையில் நிற்கும். தொகை கொஞ்சம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கிடைக்காதது ஆடும் நேரமும், ஆட்டத்தின் கடைசி 2 நிமிடத்தில் பந்தைக் கையில் வைத்திருக்கும் உரிமையும். விவரம் தெரிந்த குடும்பங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஓர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர். ஆக மொத்தம் 200 நிமிடம். அணியில் 15 பேர் இருந்தாலும் பெரிய ஆட்டங்களில் உருப்படியாக ஆடுவது 8 அல்லது 9 பேர். நட்சத்திரம் என்று வந்துவிட்டால் 32, 33 நிமிடம் அவருக்கே போகும். அப்படி மூன்று பேர் இருக்கும் அணியில் பாதி நேரம் காலி. மிச்சமிருக்கும் 100 நிமிடத்தை ஐந்தாறு பேர் பங்கு போட வேண்டும். பெண்ணின் அப்பாவோ கிளப் பயிற்சியாளரோ ஒரு தாளில் அந்தக் கல்லூரியின் அணிப் பட்டியலை எழுதி, யார் எந்த இடத்தில் ஆடுகிறார், யார் எந்த ஆண்டு முடித்து வெளியேறுகிறார், இதே பருவத்தில் அதே இடத்துக்கு வேறு யார் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று வரிசையாகக் குறிப்பார்கள். முன்பெல்லாம் இந்தத் தாள் போதும். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் பட்டியல்) அதைக் குலைத்துவிட்டது. 2021 முதல் ஒரு தடவை, 2024 முதல் எத்தனை தடவை வேண்டுமானாலும், ஓர் ஆண்டு உட்காராமலே கல்லூரி மாறலாம். நீங்கள் நவம்பரில் ஒப்புக்கொண்ட இடத்துக்கு ஏப்ரலில் 22 வயது அனுபவசாலி ஒருவர் வேறு கல்லூரியிலிருந்து வந்து உட்காரலாம். அதனால் பயிற்சியாளரிடம் நேராகக் கேட்க வேண்டியது: "என் இடத்துக்கு இந்த வசந்தத்தில் போர்ட்டலில் ஆள் எடுப்பீர்களா?" நல்ல பயிற்சியாளர் இல்லை என்று சொல்ல மாட்டார். எந்த மாதிரி ஆள், எதற்கு என்று விளக்குவார். "முதல் நாளிலிருந்தே நீதான் ஸ்டார்ட்டர்" என்று வாக்குக் கொடுப்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதே வாக்கு இன்னும் இரண்டு வீட்டில் போயிருக்கும்.

2020-இல் கல்லூரிக்கு வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இஎஸ்பிஎன் சேனலின் தரவரிசைப் பட்டியலில் முதல் ஐவர்: பெய்ஜ் பெக்கர்ஸ் கனெக்டிகட், ஏஞ்சல் ரீஸ் மேரிலேண்ட், கேமரன் பிரிங்க் ஸ்டான்ஃபோர்ட், கெய்ட்லின் கிளார்க் அயோவா, கமிலா கார்டோசோ சிரக்யூஸ். ஐவரில் இருவர் இடம் மாறினார்கள். கார்டோசோ ஒரே ஆண்டில் சவுத் கரோலினாவுக்குப் போனார், ரீஸ் 2022-இல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவுக்கு. இருவருக்குமே மாறிய இடத்தில்தான் கோப்பை கிடைத்தது.

கிளார்க்கின் முடிவு எனக்கு மிகப் பிடித்த பாடம், கொஞ்சம் நிறுத்தியே பார்க்கலாம். கடைசியில் நின்றவை இரண்டு: நோட்டர் டேம், அயோவா. நோட்டர் டேம் 2018-இல் சாம்பியன், 2019-இல் இறுதி ஆட்டம் வரை வந்த அணி. அயோவா அவர் வீட்டிலிருந்து காரில் 2 மணி நேரம். சொந்த மாநிலப் பாசம் என்று எல்லோரும் எழுதினார்கள், அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தாளை விரித்துப் பாருங்கள். அயோவாவின் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை அமைப்பவர்) கேத்லீன் டாய்ல் 2020-இல் படிப்பை முடித்து வெளியேறுகிறார். அந்த ஆண்டு, அயோவா ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனையே அவர்தான். பந்தைக் கொண்டுபோகும் இடம் சுத்தமாகக் காலி. ரிங்குக்குக் கீழே மோனிகா சினானோ ஏற்கெனவே இருக்கிறார், கையில் கொடுத்தால் மூன்றில் இரண்டை உள்ளே போடும் ஆள். அப்போதைய பயிற்சியாளர் லிசா ப்ளூடர் 2000 முதல் அங்கேயே இருந்தவர், வேகமாக ஓடி ஷாட் எடுக்கும் ஆட்டத்தை நம்பியவர். தூரத்திலிருந்து ஷாட் எடுக்கவும், பாஸ் கொடுக்கவும் தெரிந்த பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 26.6 புள்ளி, நாட்டிலேயே அதிகம். இன்னொன்று: நோட்டர் டேமின் பயிற்சியாளர் மஃபெட் மெக்ரா 2020 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அதாவது கிளார்க் அங்கே போயிருந்தால், யாரை நம்பிப் போனாரோ அவர் இல்லாத கல்லூரியில்தான் பெட்டியை இறக்கியிருப்பார்.

"எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்வது சுலபம்" என்று யாராவது வருவீர்கள். சரி. ஆனால் டாய்ல் எப்போது முடிப்பார் என்பது 2019-இலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வீட்டுக்குப் பக்கம் என்றால் உடனே பந்து கைக்கு வந்துவிடும் என்றும் இல்லை. ஏஜா வில்சன் 2014-இல் நாட்டின் முதல் இடம். கனெக்டிகட், டென்னசி எல்லாம் கேட்டும் சொந்த ஊர்ப்பக்கம் சவுத் கரோலினாவிலேயே நின்றார். முதல் ஆண்டில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார். 2017-இல் கோப்பை, இன்று அரங்கத்துக்கு வெளியே சிலை. அங்கே பயிற்சியாளரான டான் ஸ்டேலியிடம் போகிறவர்கள் இதை ஒப்புக்கொண்டே போகிறார்கள்: நல்ல ஆட்கள் நிறைந்த அணி, நேரம் குறைவு, மார்ச் மாதத் தேசியத் தொடரில் ஆட்டம் நிச்சயம். இதற்கு நேர் எதிர் ஜூஜூ வாட்கின்ஸ். 2022 நவம்பரில் அவர் ஸ்டான்ஃபோர்டையும், அந்த ஆண்டுச் சாம்பியன் சவுத் கரோலினாவையும் விட்டுவிட்டு, தன் லாஸ் ஏஞ்சலிஸிலேயே இருக்கும் யுஎஸ்சியை எடுத்தபோது, அந்தக் கல்லூரி 2014-க்குப் பிறகு தேசியத் தொடரிலேயே ஆடியிருக்கவில்லை. முதல் ஆண்டில் 920 புள்ளி, முதலாண்டு மாணவி எவரும் எடுக்காத எண்ணிக்கை. கல்லூரி 1994-க்குப் பிறகு முதன்முறையாகக் கடைசி எட்டுக்குள் வந்தது. இரண்டும் சரியான முடிவுகள்தான். தான் எந்த மாதிரி ஆள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் களத்தில் ஆடும் இடம் பொருந்தாததால். ஹெய்லி வான் லித் லூயிவிலில் ஷாட் எடுக்கும் கார்டாக ஜொலித்தவர், 2022-இல் கடைசி நால்வர் சுற்றுவரை போனவர். எல்எஸ்யூவுக்கு மாறியபோது அவரைப் பாயிண்ட் கார்டாக நிறுத்தினார்கள். பந்தைக் கொண்டுபோய், பிறருக்கு ஆட்டத்தை அமைத்துக்கொடுக்கும் வேலை. அந்த ஆண்டு மங்கிப்போனார். அடுத்த ஆண்டு டிசியூ கல்லூரியில் உயரமான சென்டரோடு பிக் அண்ட் ரோல் (சென்டர் எதிராளியை மறிக்க, கார்டு பந்தோடு நுழையும் உத்தி) ஆடவிட்டார்கள், கடைசி எட்டு வரை போய், பெண்களின் தொழில்முறைத் தொடரான டபிள்யூஎன்பிஏவுக்கும் முதல் சுற்றிலேயே தேர்வானார். ஆள் அதே ஆள்தான். ஆகவே "என்னை எந்த இடத்தில் ஆட வைப்பீர்கள்" என்று கேட்டால் பத்தாது. போன ஆண்டு ஆட்டங்களில் மூன்றைப் போட்டுக் காட்டி, "இதில் நான் யார்?" என்று கேட்க வேண்டும். உயரமான பெண்கள் கூடவே கேட்க வேண்டியது: மூன்று புள்ளி ஷாட் எடுக்க விடுவீர்களா, இல்லை ரிங்குக்கு முதுகு காட்டி நிற்க வைப்பீர்களா?

இப்போது கல்லூரிச் செலவில் நேரில் போய்ப் பார்க்கும் அந்த இரண்டு நாள். 2023 ஜூலைக்குப் பிறகு எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் இப்படிப் போகலாம் (முன்பு 5 மட்டும்). போனதும் சீருடை மாட்டி, புகை போட்டு, கலர் விளக்கில் போட்டோ எடுப்பார்கள். இன்ஸ்டாவில் போட நன்றாக இருக்கும், முடிவெடுக்க ஒன்றுக்கும் உதவாது. பார்க்க வேண்டியது பயிற்சி. பெரிய அணிகளில் எதிரணியாக ஆண் மாணவர்களை இறக்கிப் பயிற்சி எடுப்பார்கள். அவர்கள் எத்தனை பேர், எதிரணியின் ஆட்ட முறையை மனப்பாடமாக ஆடுகிறார்களா, சும்மா ஓடுகிறார்களா என்று பாருங்கள். அணியை நடத்துபவர்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம், நட்சத்திர வீராங்கனை பந்தைத் தவறவிட்டால் பயிற்சியாளர் என்ன சொல்கிறார், 12-ஆவது ஆள் தவறவிட்டால் என்ன சொல்கிறார். சிகிச்சை அறைக்கும் ஒரு நடை போக வேண்டும். முழங்காலில் ஏசிஎல் என்னும் தசைநார் கிழிந்தால் 9 முதல் 12 மாதம் போய்விடும், பெண்களுக்கு அது ஆண்களைவிட அதிகம். பெக்கர்ஸுக்கு 2022-இல், வாட்கின்ஸுக்கு 2025-இல் நடந்தது. அங்கே கட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "பயணத்துக்கு உன்னையும் கூட்டிப் போகிறார்களா?" என்று கேட்டால் அந்தக் கல்லூரியின் குணம் தெரிந்துவிடும். இரவில் பயிற்சியாளர் இல்லாமல் வீராங்கனைகளோடு சாப்பிடும்போது ஒரே கேள்வி: போன ஆண்டு யார் போனார்கள், ஏன்? பதில் சொல்லும் முன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் மேலே கேட்க வேண்டாம்.

வீட்டுத் தூரத்தைக் கேலி செய்கிறவர்களுக்கு எலெனா டெல் டானைச் சொல்வேன். 2008-இல் நாட்டின் முதல் இடம், கனெக்டிகட் கல்லூரியில் கால் வைத்து இரண்டே நாளில் வீடு திரும்பினார். பார்வையும் செவியும் இல்லாத அக்காவோடு போனில் பேச முடியாது, பக்கத்தில் இருந்தால்தான் உறவு. டெலவேரில் ஓர் ஆண்டு வாலிபால் ஆடி, பிறகு கூடைப்பந்துக்கு வந்து, 2013-இல் டபிள்யூஎன்பிஏ அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் இரண்டாவதாகப் போனார். சின்னக் கல்லூரி என்பதால் எதுவும் குறைந்துவிடவில்லை.

சரி, பணம். 2021 ஜூலை 1 முதல் மாணவிகள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே நேரடியாகத் தரலாம், முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. பல பெரிய கல்லூரிகளில் இதில் ஏறத்தாழ 75% அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு, 15% ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5% பெண்கள் கூடைப்பந்துக்கு. ஐந்து சதவீதம் என்றால் சுமார் 10 லட்சம் டாலர், அதை 15 பேர் வரை பிரிக்க வேண்டும். ஆகவே சொல்லப்படும் தொகையில் கல்லூரி எழுத்தில் தருவது எவ்வளவு, வெளி நிறுவனம் "தரக்கூடும்" என்பது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தத்தைத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும், மறுக்கப்பட்டால் அது காற்றில் போகும். நடுவில் கல்லூரி மாறினால் திருப்பித் தர வேண்டுமா என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். இது வருமானம், வரி உண்டு. வந்ததெல்லாம் செலவாகி, ஏப்ரலில் வரி கட்டும்போது விழிப்பவர்கள் இருக்கிறார்கள். எஃப்-1 விசாவில் போகும் வெளிநாட்டுப் பெண்களுக்கு இதில் பெரும்பகுதி சிக்கல், வேலை செய்யத் தடை இருப்பதால் வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

இதில் குற்றம் காண என்ன இருக்கிறது? 2024-இல் டிராஃப்டின் முதல் ஆளான கிளார்க்குக்கு டபிள்யூஎன்பிஏ முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர்தான். ஆண்களைப்போல ஓராண்டில் தொழில்முறைத் தொடருக்கு ஓடிவிடவும் முடியாது. அமெரிக்கப் பெண்ணுக்கு அந்த ஆண்டில் 22 வயதாக வேண்டும், அல்லது நான்காண்டு முடிந்திருக்க வேண்டும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பெண்களின் தேசியத் தொடரில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் அந்தக் கல்லூரியின் கூட்டமைப்புக்குப் பணம் என்ற ஏற்பாடே 2025-இல்தான் வந்தது. ஆண்களுக்கு அது பல பத்தாண்டுப் பழசு. 2021-இல் சான் அன்டோனியோவில் பெண்கள் அத்தனை அணிக்கும் ஒரு சின்ன டம்பெல் அடுக்கை வைத்துவிட்டு இதுதான் உடற்பயிற்சிக் கூடம் என்றார்கள். ஒரேகான் வீராங்கனை ஒருவர் வீடியோ போட்ட பிறகுதான் மிச்சம் வந்தது. "மார்ச் மேட்னஸ்" என்ற பெயரைப் பெண்களுக்குத் தந்ததே 2022-இல். இவ்வளவு நாள் கொடுக்காமல் இருந்ததைப் பற்றி ஒரு கமெண்ட் இல்லை, இப்போது 19 வயதுப் பெண் வாங்கினால் மட்டும் ஆளாளுக்குக் கணக்குக் கேட்கிறார்கள்.

கடைசியாக நடைமுறை விஷயம் ஒன்று. முடிவை இன்ஸ்டாவில் போடும் முன், வேண்டாம் என்று விட்ட ஒவ்வொரு கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளருக்கும் அந்தப் பெண்ணே போன் போட்டுச் சொல்ல வேண்டும். மெசேஜ் அனுப்பக்கூடாது, அப்பா பேசக்கூடாது. மரியாதைக்காக மட்டும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்துப் போர்ட்டலில் பெயர் போட்டால், முதலில் அழைக்க வேண்டியிருப்பது பெரும்பாலும் அவர்களைத்தான்.