சத்தம் ஓடுகிறது, படம் திக்குகிறது

கேள்வி: அக்கா கல்யாண வீடியோவை 4கே-யில் எடுத்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். சித்தப்பா வீட்டு டிவியில் அருமையாக ஓடுகிறது. என் லேப்டாப்பில் (ஐ3, 4-வது ஜெனரேஷன், 4 ஜிபி ராம்) சத்தம் சரியாக வருகிறது, படம் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. பழைய படங்கள் எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. கடையில் கேட்டால் ராம் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டலாமா? (வாசகி, சங்கரன்கோவில்)

பதில்: வேண்டாம், அந்தக் காசு வீண். மற்ற படங்கள் நன்றாக ஓடி இது ஒன்று மட்டும் திக்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபைலை.

பென்டிரைவிலிருந்தே ஓட்டுகிறீர்களா? அப்படியானால் ஃபைலை லேப்டாப்புக்குள் காப்பி செய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சில பென்டிரைவ்கள் அவ்வளவு மந்தம். அதற்கும் சரியாகவில்லை என்றால் விஎல்சி பிளேயரில் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும், அதைப் பாருங்கள். எச்.265 அல்லது எச்.இ.வி.சி. (இரண்டும் ஒரே சுருக்கும் முறையின் பெயர்கள்) என்று இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வீடியோவை அப்படியே வைத்தால் இடம் கொள்ளாது என்பதால் சுருக்கித்தான் வைப்பார்கள், ஓட்டும்போது கம்ப்யூட்டர் அதை விரிக்க வேண்டும். 2003-ல் வந்த எச்.264 முறையை விரிக்கும் தனிப் பகுதி உங்கள் சிப்பிலேயே இருக்கிறது, அதனால்தான் பழைய படங்கள் ஓடுகின்றன. 2013-ல் வந்த எச்.265 கிட்டத்தட்ட பாதி இடத்தில் அதே தரத்தைக் கொடுக்கும், ஆனால் விரிப்பது பெரிய வேலை. இன்டெல்லில் 6-வது ஜெனரேஷனிலிருந்துதான் அதற்கு முழுமையான தனிப் பகுதி வந்தது, அதிலும் நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் ஃபைல் என்றால் 7-வது வேண்டும். உங்களுடையதில் அது இல்லாததால், ஒவ்வொன்றிலும் 83 லட்சம் புள்ளிகள் உள்ள படங்களை நொடிக்கு 25 வீதம் பிராசஸரே தனியாக விரித்துக்கொண்டிருக்கிறது. முடியாதபோது பிளேயர் சில படங்களை விட்டுவிட்டு சத்தத்தோடு சேர்ந்து ஓடப் பார்க்கும், அதைத்தான் நீங்கள் திக்கல் என்று பார்க்கிறீர்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு, அதாவது பிராசஸர், 100 சதவீதத்தை ஒட்டி நிற்பது தெரியும். ராம் கூட்டினாலும் அது இறங்காது. டிவியில் அந்தத் தனிப் பகுதி இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? வீடியோ எடுத்தவரிடமே "1080பி, எச்.264-ல் ஒரு காப்பி" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள் (1080பி என்பது 4கே-யை விடக் குறைந்த புள்ளிகள் கொண்ட அளவு). எடிட் செய்தது அவரிடம் இருந்தால் அவருக்கு இது சின்ன வேலை. தயங்காதீர்கள், காசு கொடுத்து வாங்கியது. அவர் தரவில்லை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபாஸ்ட் 1080பி30 என்பதைத் தேர்ந்தெடுத்து நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் லேப்டாப்பில் பல மணி நேரம் பிடிக்கும், சார்ஜரைப் போட்டு, தானாகத் தூங்கிவிடாதபடி செட்டிங்கை மாற்றி, இரவில் ஓடவிட்டுவிடுங்கள். அந்த வயது லேப்டாப்களின் திரை பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிதான், அதனால் பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது. ஆனால் 4கே ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள், இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி வையுங்கள். அக்காவின் கல்யாணம் ஒரே ஒரு பென்டிரைவில் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி: யூடியூப் முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் ஃபேன் இரைந்து வீடியோ தடுமாறுகிறது. நெட் வேகம் குறையவில்லை. (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இது சூடு. அளவுக்கு மேல் சூடானால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தையிலோ தலையணையிலோ வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் இன்றைக்கே மேசைக்கு மாற்றுங்கள், அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் மூடிக்கொள்கின்றன. மேசையிலும் இதேதான் என்றால் ஃபேனில் தூசி அடைத்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்து பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.